மொட்டை வண்டியின் வாலைத் தொட நிற்கிறவர்கள்

அப்பு,

இங்கு எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் கடிதம் தொடங்க வேண்டுமாம். நான் சுகமாக இல்லை, அப்புறம் எதற்கு அந்தப் பொய். திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் நீ வண்டி செய்கிற கொட்டகைக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்துக்குப் பெற்ற தாய் மகனுக்குக் காகிதத்தில் எழுத வேண்டியிருக்கிறதே, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? நேரில் வராமலா இருந்தேன்? வந்த போதெல்லாம் நீ வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தாய். உன் இரண்டு பாதங்களோடுதான் நான் பேசினேன். "சரிம்மா, ஞாயித்துக்கிழமை முடியட்டும்மா, எல்லாத்தையும் பேசிக்கலாம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. நான் பேச வந்ததே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றித்தான்.

உறையை ஒட்டாமல்தான் தேவகியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் படிக்கட்டும், அவளும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தானே. உன் கூட்டாளிகள் படிக்கட்டும், பந்தயக் கமிட்டிக்காரர்கள் படிக்கட்டும், யாராவது மேடையில் ஏறி நின்று சத்தமாகப் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அம்புட்டுப் பேரில் ஒருவருக்காவது வயிற்றில் புளியைக் கரைத்தால் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் தூக்கி எறிந்துவிடுவாய். வண்டி ஓட்டாதே என்று நான் சொல்லவில்லை. பந்தயக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான், வேகத்தைக் கண்டு பயப்படுகிற ஜாதி இல்லை. உன் வண்டியை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. மஞ்சள் பெயின்ட், குனிந்து உட்கார ஒரே ஒரு ஆசனம், எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கிறாய், நாலு சக்கரமும் உடம்பை விட்டு வெளியே தள்ளி நிற்கிறது. உன் அப்பா இருந்திருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, ஊரையே கூட்டியிருப்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன மொட்டை வண்டிப் பந்தயத்தைத் திரும்ப நடத்த வேண்டும், அதுவும் உலகத்தில் இப்போது ஓடுகிற மாதிரி புது வண்டிகளோடு நடத்த வேண்டும் என்று நீ நினைத்தது தப்பே இல்லை. அப்பன் விட்ட இடத்திலிருந்து மகன் தொடங்குகிறான் என்று ஊரே சொல்கிறது, நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் உன் அப்பா எங்கே விட்டார், எதற்கு விட்டார் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. பெட்ரோல் கிடைக்கவில்லை, சாமான் கிடைக்கவில்லை, கூட்டாளிகளுக்குள் சண்டை என்று அவரோடு ஓட்டினவர்கள் ஆளுக்கொன்று சொன்னதை நீ கேட்டு வளர்ந்தாய். சுதந்திரம் வந்த புதிதில், அதற்கு முன்னால் உலகச் சண்டைக் காலத்தில் ஏரோப்ளேன் இறங்கப் போட்டு அப்படியே விட்டுப்போன அந்தச் சிமெண்டுப் பாதையில்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள். அரதப்பழசான கார்களை வாங்கி, கூரை, கதவு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினும் சக்கரமும் உட்கார ஒரு தகரமும் மட்டும் விட்டார்கள். கூண்டில்லாத மாட்டுவண்டியை மொட்டை வண்டி என்கிற நம் ஜனம் இதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டது. அறுவடை முடிந்த மாசங்களில் பந்தயம் நடக்கும். நான் இரண்டு பானை மோரும் ஒரு கூடை சுண்டலும் எடுத்துக்கொண்டு போய்ப் பாதை ஓரத்தில் உட்காருவேன். ஒர்க்ஷாப்காரர் பெண்டாட்டி மோர் விற்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசிவிட்டு என்னிடமே வந்து மோர் குடித்தார்கள்.

உன் அப்பா பாதையைப் பார்த்தார், நீயும் பாதையைத்தான் பார்க்கிறாய். அங்கே உட்கார்ந்து நான் ஆட்களைப் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த அளவு அந்தக் கூட்டத்தை உங்கள் யாருக்கும் தெரியாது. ரேக்ளா ஓட்டத்தில் நம் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று யோசித்துப் பார். ஓரத்தில் எவன் நின்றான்? பாதையிலேயே நிற்பார்கள். மாடு கிட்டே வர வர இரண்டாகப் பிரிந்து வழிவிடுவார்கள், மாடு தாண்டியதும் மூடிக்கொள்வார்கள். கடைசி வரைக்கும் நின்று ஒதுங்குகிறவனுக்குத்தான் விசில். முந்தி வருகிற வண்டியின் பின்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அந்த வருஷம் தோட்டத்தில் தண்ணி வற்றாது என்று ஒரு நம்பிக்கை. மாட்டு வண்டிக்குச் செய்ததை அப்படியே மொட்டை வண்டிக்கும் செய்தார்கள். உன் அப்பா வண்டியில் பின்னால் பெட்ரோல் டின் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வால் என்று பேர். வால் தொடுவது என்றால் அந்த டின்னைத் தட்டுவது. நீயும் தொட்டவன்தானே? பத்து வயசில் ஓடி வந்து தட்டிவிட்டு, கையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாரும்மா, சூடு ஒட்டியிருக்கு" என்று குதித்தாயே. நான் உன்னைக் கட்டி முத்தம் கொடுத்தேன்.

அந்தக் கடைசிப் பந்தயத்தன்று நடந்ததை நீ பார்க்கவில்லை, காய்ச்சலாகப் படுத்திருந்தாய். உன் அப்பாதான் முன்னால் வந்துகொண்டிருந்தார். வேடசந்தூர் பக்கத்தில் காடு கரை வைத்திருக்கிற சம்சாரி ஒருத்தர், நடு வயசுக்காரர், நடுப் பாதையில் நின்றார். எல்லாரும் ஒதுங்கியும் அவர் நகரவில்லை. உன் அப்பா பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, அவருக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே நடந்துபோய் டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் அப்பா இறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"ஏன்யா, சாகணும்னா வேற எடமே கெடைக்கலையா ஒமக்கு?"

"எதுக்குய்யா கோவப்படுறீக? வண்டி ஒதுங்கிப் போயிரும்னு நெனச்சேன். எங்க காளையெல்லாம் ஆளக் கண்டா தானா ஒதுங்கிருமே."

உன் அப்பா சட்டையை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் பிடிக்கவில்லையோ என்று கேட்டேன். "காளைக்குக் கண்ணு இருக்கு புள்ள," என்றார். "என் வண்டிக்கு நான்தான் கண்ணு. நான் பின்னாடி வாரவன் எம்புட்டுத் தூரத்துல இருக்கான்னுல்ல பாத்துக்கிட்டு இருந்தேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பாதைப் பக்கம் போகவில்லை. அவர் போகாததால் மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். மஞ்சள் காமாலை வந்து அவர் போகிற வரைக்கும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை, பந்தயக்காரன் பயந்துவிட்டான் என்று பேசுவார்களே என்ற ரோஷம்.

அப்போது அந்தக் கிழட்டு வண்டி முக்கி முக்கி மணிக்கு நாற்பது மைல் போயிருக்கும். அதனால் நின்றது. உன் வண்டி அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் போகும் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். அது நிற்குமா, அப்பு? இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை. பழைய வண்டியில் வால் சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. உன் வண்டியில் வாலே கிடையாது, பின்சக்கரம் இரண்டும் உடம்புக்கு வெளியே முழ நீளம் அகன்று நிற்கிறது. வால் என்று நினைத்துப் பின்பக்கத்தைத் தொடப் பக்கத்திலிருந்து கை நீட்டுகிறவன் சக்கரத்துக்கு மேலேதான் கையைக் கொண்டுபோக வேண்டும். மூட ஒரு மட்கார்டு உண்டா? மூடினால் அது மொட்டை வண்டி இல்லை என்கிறாய். சரி, மூடாதே. ஆளை மறி என்றுதானே கெஞ்சுகிறேன்.

நான் சும்மாவா இருந்தேன்? முதலில் கமிட்டித் தலைவரைப் பார்க்க ஒட்டன்சத்திரம் போனேன். காய்கறி மண்டியில் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார், நல்ல மனுஷன்தான். "ஏனுங்க அக்கா, நீங்க வந்தது ரொம்ப சந்தோசமுங்க. உங்க வீட்டுக்காரரு படத்த வெச்சு மாலை போட்டுத்தான் பந்தயத்தையே ஆரம்பிக்கறமுங்க" என்றார். படத்துக்கு மாலை இருக்கட்டும், ஆளுக்கு வேலி போடுங்கள் என்றேன். "வேலி போட்டா சனம் கோவிச்சுக்குமுங்க. பந்தயமே அவங்களுக்குத்தானுங்களே. கயிறு கட்டறமுங்க, வாலண்டியருங்க நிப்பாங்க. கொடிய நீங்கதான் அசைக்கோணுமுங்க!" என்றார். சாகப் போகிறவர்களுக்குக் கொடி காட்ட என்னைக் கூப்பிடுகிறார்! காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பந்தயம் எத்தனை மணிக்கு அம்மா ஆரம்பம் என்று கேட்டார்கள்.

அப்புறம்தான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். ஜனங்களிடமே சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். எரியோட்டில் தொடங்கிச் சுற்றுப்பட்டு ஊர் ஒன்று விடாமல் வெயிலில் நடந்தேன். களத்தில், கிணற்றடியில், டீக்கடையில், எங்கே நாலு பேர் நின்றாலும் நின்று சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வந்தா பாதையில நிக்காதீக. இது பழைய வண்டி இல்ல. வாரது தெரியாது."

"எம்புட்டு வேகம் அத்தை போகும்?"

"கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்டா."

"ஏலே, கேட்டியா! கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருமாம்ல! அப்ப அதத் தொட்டவன் பெரிய ஆளுதான்!"

இப்படித்தான் ஒவ்வொரு ஊரிலும். ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிற ஒருத்தர் சந்தையில் என்னை மறித்து, "தாயி, நீங்க சொன்னதா கேள்விப்பட்டேன், பழனிக்குப் பழம் அனுப்புறத ஒரு நா தள்ளிப்போட்டுட்டுக் குடும்பத்தோட வாரோம்" என்றார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. தண்டோரா போட்டிருந்தால்கூட இம்புட்டுக் கூட்டம் சேர்ந்திருக்காது, நான் கால் வலிக்க நடந்து சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது வண்டி மாடு பூட்டி, சோறு கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு வரப்போகிறார்கள். யாரைத் தடுக்கப் போனேனோ அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவள் நான்தான்.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "சனங்க முன்ன மாதிரி இல்லம்மா, இப்ப எல்லாரும் படிச்சிருக்காங்க." நீ பாலிடெக்னிக் முடித்தவன். உன் கூட்டாளிகளும் படித்தவர்கள். சோதனை ஓட்டத்தன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த வாலண்டியர்களே கயிற்றைப் போட்டுவிட்டு முன்னால் ஓடியதை நான் பார்த்தேன். படிப்பு என்ன செய்யும், வண்டி வருகிறது என்று ஒருத்தன் கத்தினால் கால் தானாகப் போகிறது. வெளிதேசத்துப் பத்திரிகை ஒன்றை எனக்கு விரித்துக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? "இதப் பாத்துத்தாம்மா செஞ்சோம்" என்றாய். நானும் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதற்கும் பின்னால் வேலி போட்டு, வேலிக்கு அப்பால் கூட்டம் நின்றது. வண்டியை மட்டும் பார்த்துச் செய்தாய், வைக்கோலைப் பார்க்கவில்லை. நம் ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்? வருகிறவர்களின் மாட்டுவண்டிகளையே அவிழ்த்துப் பாதை நெடுக வரிசையாக நிறுத்தினால் அதுவே ஒரு மதில். அதைச் செய்ய ஒரு வாரம் பந்தயத்தைத் தள்ளி வைத்தால் யார் குடி முழுகிவிடும்? நான் கேட்பது இவ்வளவுதான். கூட்டம் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகிற வரைக்கும் எஞ்சினைக் கிளப்பாதே. மற்றவர்கள் கிளப்பினாலும் நீ கிளப்பாதே. நீ நின்றால் அவர்களும் நிற்பார்கள், உன் அப்பாவுக்கு நடந்தது அதுதானே.

பயந்துவிட்டான் என்பார்கள். சொல்லட்டுமே. நீ விழுந்து செத்துப்போவாயோ என்று நான் அழுகிறேன் என்று நினைக்கிறாயா? அது எனக்குப் பழகிப்போன பயம், உன் அப்பாவை வைத்து வருஷக்கணக்கில் அதோடு குடித்தனம் செய்திருக்கிறேன். ஒருத்தரைக் கொன்றுவிட்டு நீ உயிரோடு இருப்பாயே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஊர் சொல்லும், கோர்ட்டும் சொல்லலாம். உனக்கு நீ சொல்லிக்கொள்ள முடியுமா? எறும்பு ஊர்ந்தாலே காலை ஒதுக்கி வைக்கிற பிள்ளையாக வளர்ந்தவன் நீ. தேவகிக்கு ஏழாம் மாசம். பிறக்கப்போகிற பிள்ளையை நீ முழு மனசோடு கையில் வாங்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு எதுவும் இல்லை.

உன் அப்பா விட்ட காரணத்தைத் தவிர இதுவரைக்கும் எழுதியது எல்லாம் நீ ஏற்கெனவே அரைகுறையாகக் காதில் வாங்கியதுதான். இனி எழுதுவது உனக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மூன்று நாளாக வேறு வழி தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

புதன்கிழமை நீ சோதனை ஓட்டம் விட்டபோது நான் அங்கே இருந்தேன். வாலண்டியர்களைத் தவிர யாருக்கும் சொல்லாமல் ஓட்டுகிறோம் என்று நீங்கள் நினைத்தீர்கள், காட்டு வேலையை விட்டுவிட்டு ஒரு நூறு பேராவது வந்துவிட்டார்கள். அவர்களைத் தள்ளி நிறுத்தத்தான் நான் பாதையில் இறங்கினேன். வண்டி வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, "தள்ளுங்கடா, ஓரமாப் போங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொஞ்சம் பின்வாங்கினார்கள். அப்போது ஒருத்தன் "வாரான்!" என்று கூவினான். நான் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. என் மகன் முதல் ஆளாக வருகிறான், அவன் அப்பா வந்த அதே பாதையில் வருகிறான் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னும் நேரம் இருக்கிறது, இரண்டு எட்டு முன்னால் போய்த் தொட்டுவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதா என்றுகூடத் தெரியவில்லை, கால் போய்விட்டது, கை நீண்டுவிட்டது. இத்தனை ஊர் நடந்து, இத்தனை பேருக்குப் புத்தி சொன்ன என் கை, அப்பு. உன் அப்பா வண்டியின் வேகத்துக்குப் பழகிய கண், அதே கணக்கைப் போட்டது. இரண்டாவது எட்டு வைப்பதற்குள் நீ போய்விட்டாய்.

என்னை எது இழுத்தது என்று தெரியாமல் சிமெண்டில் உருண்டேன். தோள்பட்டையில் அடி, குழாயடியில் வழுக்கிவிட்டேன் என்று தேவகியிடம் சொல்லியிருக்கிறேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது, அதற்குள் பாதையின் அந்தக் கடைசிக்குப் போயிருந்தாய். என்னைத் தூக்கி நிறுத்திய ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள். "ஆத்தாவே தொட்டுருச்சுடா! நம்ம தொட மாட்டமா?" என்று ஒருத்தன் துண்டைத் தூக்கிச் சுற்றினான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர்களிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன், சோதனை ஓட்டத்திலேயே உன் மனசு உடைந்துவிடக் கூடாதே என்று. அந்த நேரத்திலும் அப்படித்தான் யோசித்தேன், நான் அவ்வளவு மடச்சி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு நீ எனக்கு எடுத்துக் கொடுத்தாயே பச்சைச் சுங்குடிச் சேலை, சின்னாளபட்டியில் எடுத்தது, அதைத்தான் அன்று கட்டியிருந்தேன். துவைத்துத் துவைத்து நைந்து போயிருந்ததால் முந்தானையோடு கிழிந்துகொண்டு போனது. கெட்டிச் சேலையாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை. உன் இடது பின்சக்கரத்து அச்சில் பச்சைத் துணி ஒன்று சுற்றிக் கிடந்திருக்கும். எஞ்சின் துடைக்கிற கந்தல் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அறுத்து எறிந்திருப்பாய். கொட்டகை மூலையில் தேடினால் கிடைக்கும், எடுத்து விரித்துப் பார். மீதிச் சேலையை இந்தக் கடிதத்தோடு தேவகியிடம் கொடுத்திருக்கிறேன். கிழிசலோடு கிழிசலைச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வண்டியைக் கிளப்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

உன் அம்மா